வேலை சர்க்காருடையது, செல்போன் செலவு யாருடையது?

(மாரமங்கலத்தில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும், அங்கன்வாடி ஊழியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



செல்போனைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கலாம். கூலிப் பிரச்னை இருக்கிறது, பட்டா பிரச்னை இருக்கிறது, ரேஷன் பிரச்னை இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் செல்போனுக்கு வந்துவிட்டார்களே என்று நினைக்கலாம். ஆனால் நாம் இன்று பேசப்போவது கூலியைப் பற்றித்தான்.

கூலியைக் குறைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. நூறு ரூபாய் கொடுத்த இடத்தில் தொண்ணூறு ரூபாய் கொடுப்பது ஒரு வழி. அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அன்றைக்கே சண்டை வந்துவிடும். நூறு ரூபாயையும் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு, வேலைக்கு வேண்டிய கருவியை நீயே வாங்கிக்கொள், அதற்கு ஆகும் செலவையும் நீயே பார்த்துக்கொள் என்று சொல்வது இன்னொரு வழி. இது சுலபத்தில் கண்ணுக்குத் தெரியாது. சம்பளப் பட்டியலில் நூறு என்றுதான் எழுதியிருக்கும். வீட்டுக்கு வருவது தொண்ணூறுதான். இந்த இரண்டாவது வழிதான் இன்று செல்போன் ரூபத்தில் வந்திருக்கிறது.

ஆகவே இன்று நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. வேலை யாருடையதோ, அந்த வேலைக்கான கருவியின் செலவு யாருடையது?

குடையும் கம்பளியும்

இந்தக் கேள்வி புதிதல்ல. மில் தொழிலாளியைக் கேளுங்கள். நூற்பு மில்லுக்குப் போகிறவன் கதிரையும் மோட்டாரையும் தலையில் சுமந்துகொண்டா போகிறான்? மில் ஓடுகிற மின்சாரத்துக்கு அவனா பணம் கட்டுகிறான்? யாராவது அப்படிச் சொன்னால் சிரிப்போம்.

நம் மலைக்கே வருவோம். சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்து இருநூறு வருஷமாகிறது. 1820-களில் சேலம் ஜில்லா கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்தது என்று சரித்திரம் சொல்கிறது. துரை செடியைக் கொண்டுவந்தார். அந்தச் செடி மழையிலும் பனியிலும் உழைப்பவர்களின் முதுகின் மேல்தான் வளர்ந்தது. மலை மழையில் நனைந்து, குளிரில் நடுங்கி வேலை செய்ய வேண்டியவர்களுக்குக் குடையையும் கம்பளியையும் தோட்ட முதலாளிதான் கொடுக்கவேண்டும் என்ற விதி சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-வது பிரிவு அது. குடை, கம்பளி, மழைக்கோட்டு இவற்றை முதலாளி கொடுக்கும்படி சர்க்கார் விதி செய்யலாம் என்று அது சொல்லிற்று. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டமும் அவற்றில் ஒன்றுக்குள் போய்விட்டது. ஆனால் அந்தச் சட்டம் ஒத்துக்கொண்ட நியாயம் எங்கும் போய்விடவில்லை. உன் வேலைக்காக நான் மழையில் நிற்கிறேன் என்றால், குடை உன் பொறுப்பு. அவ்வளவுதான்.

இந்தக் குடை நியாயத்தை மனதில் வைத்துக்கொண்டு, அங்கன்வாடி ஊழியரின் கையில் இருக்கும் செல்போனைப் பார்ப்போம்.

பதிவேடு போய், செல்போன் வந்தது

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் ஆரம்பமாயிற்று. அன்று நாடு முழுவதற்கும் 33 வட்டாரங்கள்தான். இன்று தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 54 ஆயிரம் மையங்கள். தோட்டத்துக்குப் போகும் தாயும், களை எடுக்கப் போகும் தாயும், மில்லுக்குப் போகும் தாயும் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது அங்கேதான். பிள்ளைக்குச் சோறு, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைத்துச் செல்வது, கர்ப்பிணிக்குச் சத்துமாவு கொடுப்பது, எல்லாமே அந்த ஊழியரின் வேலை. ஆகவே இது அவர்களுடைய பிரச்னை, நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட முடியாது.

முன்பு இந்த வேலைகளையெல்லாம் பதிவேட்டில் எழுதினார்கள். 2018 மார்ச் 8-ல் போஷன் அபியான் என்ற திட்டத்தை மத்திய சர்க்கார் தொடங்கிற்று. பதிவேட்டுக்குப் பதில் செல்போன் வந்தது. 2021 மார்ச் 1-ல் போஷன் டிராக்கர் என்ற செயலி வந்தது. எந்தப் பிள்ளை வந்தது, என்ன எடை, என்ன உயரம், யாருக்கு எவ்வளவு உணவு என்பதையெல்லாம் செல்போனில் ஏற்றவேண்டும் என்றார்கள். 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்கு உணவுப் பொருள் வாங்கிச் செல்லும் தாய்மார்களின் முகத்தைச் செல்போனில் படம் எடுத்து, ஆதாரோடு ஒத்துப்பார்த்த பிறகே கொடுக்கவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்.

எதிலே ஏற்றுவது? போன் வேண்டும். எப்படி ஏற்றுவது? ரீசார்ஜ் வேண்டும். எங்கே நின்று ஏற்றுவது? டவர் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது. ஆனால் மெமோ மட்டும் தவறாமல் வந்துவிடும்.

மலைக் கிராமத்து மையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவருக்கு இது பத்து நிமிஷ வேலை. மலையில் அப்படியா? ஒரு வளைவில் சிக்னல் இருக்கும். அடுத்த வளைவில் இருக்காது. மழை பெய்தால் கரண்டு போகும். கரண்டு போனால் டவரும் போகும். பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறவேண்டும். போன் பழையது, செயலியோ மாதத்துக்கு மாதம் கனத்துக்கொண்டே போகிறது. சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது. கைப்பிள்ளையோடு நிற்கும் தாயின் முகத்தைப் போன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊழியர் என்ன சொல்வார்? உன் முகம் உன் முகம் இல்லை, போய்விட்டு நாளை வா என்றா? மூன்று மைல் நடந்து வந்தவளிடம் இதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? சர்க்காரின் கருவி செய்த கோளாறுக்கு ஊழியரும் தாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது.

மாதம் என்றால் எத்தனை நாள்?

செலவுக் கணக்குக்கு வருவோம். நமக்கு மாதம் என்றால் முப்பது நாள். செல்போன் கம்பெனியின் மாதம் பல திட்டங்களில் 28 நாள். 28 நாளுக்கு ஒரு தடவை ரீசார்ஜ் செய்தால், வருஷத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை செய்யவேண்டும். 13-ஐ 28-ஆல் பெருக்கிப் பாருங்கள், 364 வரும். பன்னிரண்டு மாதச் சம்பளம் வாங்குகிற தொழிலாளி, பதின்மூன்று மாத ரீசார்ஜ் கட்டுகிறார்! 2022 ஜனவரியில் டிராய் ஆணையம், 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்கவேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. பிறகு 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின.

ஒரு தடவைக்கு 300 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3,900 ரூபாய். அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய சர்க்கார் 2018 அக்டோபரில் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநில சர்க்கார் கொடுப்பது இதற்கு மேலே சேருவது. அதாவது, ரீசார்ஜை ஊழியரே கட்டினால், மத்திய சர்க்கார் கொடுக்கும் ஒரு மாதத்துப் பணத்தில் பெரும்பகுதி நேராகச் செல்போன் கம்பெனிக்குப் போய்விடும்.

ஊக்கத் தொகை கொடுக்கிறோமே என்பார்கள். ஊழியருக்கு மாதம் 500, உதவியாளருக்கு 250 என்று மத்திய சர்க்கார் வைத்தது உண்மைதான். ஆனால் ஊக்கத் தொகை வேறு, செலவுத் தொகை வேறு. நன்றாக வேலை செய்ததற்குக் கொடுப்பது ஊக்கத் தொகை. வேலை செய்வதற்காகக் கைக்காசைப் போட்டதைத் திருப்பிக் கொடுப்பது செலவுத் தொகை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கக் கூடாது. மேலும், பதிவு ஏறினால்தான் ஊக்கத் தொகை. டவர் இல்லாத ஊரில் பதிவு எப்படி ஏறும்? ரீசார்ஜ் போட்ட பணமும் போய், ஊக்கத் தொகையும் போய்விடுமல்லவா?

மேலே ஒரு நியாயம், கீழே ஒரு நியாயம்

சர்க்காரிடம் பணம் இல்லையா? செல்போன் வேலைக்கான கருவி என்பது சர்க்காருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

2023 ஜூலை 21-ல் மத்திய நிதி இலாகா ஒரு உத்தரவு போட்டது. துணைச் செயலாளரும் அவருக்கு மேற்பட்ட அதிகாரிகளும் வேலைக்காகச் செல்போன், லேப்டாப், டேப்லெட் போன்ற கருவிகளைச் சர்க்கார் செலவில் பெறலாம். விலை ஒரு லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். உள்நாட்டுப் பாகங்கள் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் இருந்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் வரை இருக்கலாம். வரி தனி. நான்கு வருஷம் கழிந்தால் அதிகாரி அதைத் தம் சொந்த உபயோகத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.

அதிகாரிக்குக் கொடுத்ததைப் பிடுங்கு என்று நாம் சொல்லவில்லை. வேலைக்குக் கருவி தேவை என்றால் கொடுக்கத்தான் வேண்டும். நாம் கேட்பது இதுதான்: டில்லியில் நாலு பக்கமும் டவர் உள்ள கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கருவி சர்க்காரின் பொறுப்பு என்றால், மலையில் டவரைத் தேடி நடக்கிற பெண்ணுக்கு மட்டும் அது அவள் பொறுப்பாக எப்படி ஆகும்? மேலே போகப் போகக் கருவி சலுகையாகிறது. கீழே வர வரக் கருவி சுமையாகிறது. இது என்ன நியாயம்?

அமெரிக்கா தொழிலாளியின் சொர்க்கமல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால் அங்கேயும் இந்தக் கேள்வி எழுந்து, பதிலும் வந்திருக்கிறது. வேலைக்காக முதலாளி கொடுக்கும் செல்போனைத் தொழிலாளியின் வருமானமாகக் கருதி வரி போடுவதில்லை என்று அந்த நாட்டு வருமானவரி இலாகா 2011 செப்டம்பரில் அறிவித்தது. அங்குள்ள சர்வகலாசாலைகளில் ஆசிரியர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். வேலைக்கு அவசியம் என்றால் ஒன்று, நிர்வாகமே போனை வாங்கிக் கட்டணத்தையும் கட்டும். அல்லது, சொந்தப் போனை உபயோகிப்பவருக்கு மாதா மாதம் ஒரு அலவன்ஸ் கொடுக்கும்.

கலிபோர்னியாவில் 2014 ஆகஸ்டில் ஒரு வழக்கு. வீடு வீடாக உணவுப் பண்டம் விற்கும் கம்பெனியின் ஊழியர் ஒருவர், வேலைக்குச் சொந்தப் போனை உபயோகிக்க வைத்தார்கள், செலவைக் கொடுக்கவில்லை என்று தொடுத்தது. நீ எப்படியும் மாதாந்தரத் திட்டம் வைத்திருக்கிறாய், கம்பெனி வேலைக்காகப் பேசியதால் உனக்கு ஒரு காசுகூட அதிகம் ஆகவில்லையே என்ற வாதம் எழுந்தது. அப்பீல் கோர்ட்டு அதை ஒத்துக்கொள்ளவில்லை. அதிகச் செலவு ஆனாலும் ஆகாவிட்டாலும், கட்டணத்தில் நியாயமான ஒரு பங்கை முதலாளி கொடுத்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் முதலாளி தன் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டி லாபம் அடைந்தவனாவான் என்றது.

இந்தத் தீர்ப்பை நாம் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளவேண்டும். ஏனென்றால், "நீங்கள்தான் வீட்டுக்கு எப்படியும் ரீசார்ஜ் செய்கிறீர்களே, அதிலேயே இதையும் பார்த்துவிடக் கூடாதா?" என்று நம்மிடமும் நயமாகக் கேட்பார்கள். அதற்குப் பதில் இதுதான்: எங்கள் வீட்டில் எப்படியும் அடுப்பு எரிகிறது. அதற்காக உங்கள் ஆபீஸ் விருந்தை எங்கள் விறகில் சமைப்பீர்களா?

தறி வாடகை

நூறு வருஷத்துக்கு மேல் பழைய கதை ஒன்றையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் நாட்டிங்காம், லெஸ்டர் பக்கங்களில் காலுறை நெய்யும் தொழிலாளர்கள் இருந்தார்கள். தறி முதலாளியுடையது. அதை வீட்டில் வைத்து நெய்வார்கள். வாரா வாரம் கூலியிலிருந்து தறி வாடகை பிடித்துக்கொள்வார்கள். வாரம் முழுவதும் வேலை இருந்தாலும் வாடகை. இரண்டு நாள்தான் வேலை கொடுத்தாலும் அதே வாடகை. நெசவைவிட வாடகையில் அதிகம் சம்பாதித்த முதலாளிகளும் இருந்தார்கள். தொழிலாளிகள் நெடுங்காலம் போராடினார்கள். 1874-ம் வருஷத்தில்தான் சட்டம் போட்டு, கூலியில் தறி வாடகை பிடிப்பதை ஒழித்தார்கள்.

ஒழிந்தது என்று நினைத்தோம். சேலம் டவுனிலே இன்று உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் பிள்ளைகளைப் பாருங்கள். போன் அவர்களுடையது, வண்டி அவர்களுடையது, பெட்ரோல் அவர்களுடையது. கம்பெனியிடம் இருப்பது ஒரு செயலி மட்டும்! பழைய முதலாளி தறியையாவது வாங்கி வைத்து வாடகை கேட்டான். இன்றைய முதலாளி தறியையும் தொழிலாளியின் தலையிலேயே கட்டிவிட்டான்.

படம் ஏறினால்தான் கூலி

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. நூறு நாள் வேலைக்கு 2005-ல் சட்டம் வந்தது. வருகையைத் தாளில் எழுதினார்கள். 2021 மே மாதத்தில் செல்போன் வருகைப் பதிவுச் செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தளங்களிலும் அது கட்டாயம் என்றார்கள். நாளுக்கு இரண்டு தடவை, வேலை செய்கிறவர்களை நிறுத்திப் படம் எடுத்து ஏற்றவேண்டும்.

யாருடைய போன்? பெரும்பாலும் பணித்தளப் பொறுப்பாளரின் சொந்தப் போன். அவரும் நம்மில் ஒருவர். நம்மைப் போலவே கூலிக்கு வந்தவர். ரீசார்ஜும் அவர் காசு. படம் ஏறவில்லை என்றால் வருகை ஏறாது. வருகை ஏறவில்லை என்றால் கூலி ஏறாது. மண் வெட்டியது மண்ணில் தெரியும், வரப்பில் தெரியும். ஆனாலும் செல்போனில் தெரியவில்லை என்றால் நீ வேலை செய்யவில்லை என்று அர்த்தம்! இதை எதிர்த்து 2023 பிப்ரவரியில் பல மாநிலத் தொழிலாளர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்கள்.

2025 டிசம்பரில் பார்லிமெண்டு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, 125 நாள் என்று சொல்லிப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் மாறிவிட்டது. நாள் கணக்கு மாறிவிட்டது. கருவியின் செலவும், கருவி செய்யும் கோளாறும் யார் தலையில் என்ற கேள்விக்கு மட்டும் நாம்தான் பதில் வாங்கவேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிர சகோதரிகள்

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு மகாராஷ்டிர அங்கன்வாடி சகோதரிகளின் கதையைச் சொல்கிறோம்.

அங்கே 2019-ல் சர்க்கார் போன் கொடுத்தது. சீக்கிரமே கோளாறு ஆரம்பமாயிற்று. போனின் சக்தி குறைவு, செயலியைத் தாங்கவில்லை. சூடாகிறது, நின்றுவிடுகிறது. பழுது பார்க்க ஆயிரக்கணக்கில் ஆகிறது. அதையும் ஊழியரே கொடு என்கிறார்கள். செயலியில் எழுதவேண்டியது இங்கிலீஷில்; மராத்தி படித்த பெண்கள் என்ன செய்வார்கள்? முறையிட்டுப் பார்த்தார்கள். பயனில்லை. 2021 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் ஊர்வலமாகப் போய், திட்ட அலுவலகங்களில் அந்தப் போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்தா உன் போன். நல்ல கருவி கொடு, வேலை செய்கிறோம் என்றார்கள். வேலையை அவர்கள் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பழுதான கருவியின் பழியைத்தான் மறுத்தார்கள்.

2023 பிப்ரவரி 20-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு புதிய போனும், மராத்தியில் செயலியும் கோரிக்கைகளில் இருந்தன. அடுத்த மாதம் வந்த மாநில பட்ஜெட்டில் ஊழியரின் மதிப்பூதியம் 8,325 ரூபாயிலிருந்து 10,000 ஆயிற்று. உதவியாளருக்கு 4,425-லிருந்து 5,500 ஆயிற்று. எல்லாம் கிடைத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கூட்டாகக் கேட்டால் அசையும் என்பதற்கு இது சாட்சி.

நம் கைக்குச் சட்டத்தின் பலமும் கொஞ்சம் வந்திருக்கிறது. நீங்கள் தொழிலாளியே அல்ல, சேவை செய்ய வந்த தொண்டர்கள், வாங்குவது சம்பளமல்ல, மதிப்பூதியம் என்றுதான் இத்தனை காலம் சொல்லி வந்தார்கள். 2022 ஏப்ரல் 25-ல் சுப்ரீம் கோர்ட்டு குஜராத் ஊழியர்களின் வழக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும், அவர்கள் வாங்குவது அந்தச் சட்டப்படி சம்பளமே என்றது. சம்பளம் வாங்குகிறவர் தொழிலாளி. வேலை கொடுக்கிறவர் கருவி கொடுக்கவேண்டும். இதற்கு மேல் என்ன வாதம் இருக்கிறது?

கைக்குள்ளே கங்காணி

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. போனைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. போன் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது?

முன்பு தோட்டத்தில் கங்காணி பொழுது சாய்ந்ததும் லயத்துக்குத் திரும்பிவிடுவான். மில்லில் சங்கு ஊதினால் மேஸ்திரியின் அதிகாரம் கேட்டோடு நின்றுவிடும். இந்தப் போனுக்குள் இருக்கும் கங்காணி வீட்டுக்கே வந்துவிடுகிறான். இரவு ஒன்பது மணிக்குக் குரூப்பில் செய்தி வருகிறது: நாளைக் காலைக்குள் இந்தக் கணக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செய்தி வருகிறது: ஏன் இன்னும் பார்க்கவில்லை? பார்த்தால் நீல டிக், பார்க்காவிட்டால் மெமோ. அடுப்பில் உலை கொதிக்கிறது, கையில் போன் கூப்பிடுகிறது.

எட்டு மணி நேர வேலை என்பது சும்மா வந்ததல்ல. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றிய காலத்திலிருந்து ரத்தம் சிந்தி வாங்கியது. அதைச் செல்போன் வழியாகச் சத்தமில்லாமல் பறித்துக்கொள்ள விடலாமா? பிரான்சில் 2017 ஜனவரி முதல், வேலை நேரத்துக்குப் பிறகு போனை அணைத்து வைப்பதைப் பற்றித் தொழிலாளரோடு நிர்வாகம் பேசி முடிவு செய்யவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் 2024 ஆகஸ்டில் இப்படிப்பட்ட உரிமை வந்தது. வேலைக்காகக் கொடுத்த போன், வேலை நேரத்துக்கு மட்டுமே போன். இதுவும் நம் கோரிக்கை.

நாம் கேட்பது என்ன?

செல்போன் நமக்கு விரோதியல்ல. எடை குறைந்த பிள்ளையை உடனே கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அது உதவுமானால் நல்லதுதான். பத்துப் பதிவேட்டை எழுதிக் கை ஓய்ந்த ஊழியருக்கு அது பாரத்தைக் குறைக்குமானால் சந்தோஷம். ஆனால் பல இடங்களில் போனும் உண்டு, நோட்டும் உண்டு, இரட்டை வேலை. கருவி தொழிலாளிக்கு உதவவேண்டும். தொழிலாளியைத் தின்னக் கூடாது. ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று. செயலியைத் தாங்கக்கூடிய நல்ல போனைச் சர்க்கார் கொடுக்கவேண்டும். சொந்தப் போனில் ஏற்று என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

இரண்டு. ரீசார்ஜ் பணம் முழுவதும், வருஷத்துக்கு 13 தடவை என்ற உண்மைக் கணக்கில், முன்பணமாக வரவேண்டும். பணித்தளப் பொறுப்பாளருக்கும் இதே நியாயம்.

மூன்று. பழுதானால் சர்க்கார் செலவில் பழுது பார்க்கவேண்டும். மில் தொழிலாளியின் கூலியில் சேதத்துக்குப் பிடிப்பதென்றால், அவனுடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று காட்டவேண்டும், அவன் பதிலைக் கேட்கவேண்டும் என்று 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொல்லியிருந்தது. உழைத்துத் தேய்ந்த போனுக்கு ஊழியரிடம் அபராதம் கேட்பது அந்தப் பழைய நியாயத்துக்கும் கீழே போவதாகும்.

நான்கு. டவர் இல்லாத இடத்தில் தாளில் எழுதிய கணக்கு செல்லவேண்டும். சிக்னல் இல்லை என்பதற்காக ஊழியருக்கு மெமோ கூடாது, கூலிக்காரருக்குக் கூலி வெட்டு கூடாது, தாய்க்குச் சத்துமாவு மறுப்பு கூடாது.

ஐந்து. செயலி முழுவதும் தமிழில் இருக்கவேண்டும். வேலை நேரத்துக்குப் பிறகு உத்தரவு வரக்கூடாது.

கோரிக்கை வைத்தால் மட்டும் போதாது. இன்றிலிருந்தே கணக்கு வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்தத் தேதியில் எவ்வளவு ரீசார்ஜ், எந்தத் தேதியில் போன் நின்றது, எந்த நாள் சிக்னல் இல்லை, எத்தனை மணிக்கு உத்தரவு வந்தது என்று எழுதுங்கள். போன் பழுதானால் அன்றே எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். போன் உடைந்தால் நானே பொறுப்பு என்று எழுதிய தாளை நீட்டினால், படித்துப் பார்க்காமல், சங்கத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நம் வட்டாரத்தில் போனுக்கும் ரீசார்ஜுக்கும் எந்த வருஷம் எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். கட்டணம் பத்தே ரூபாய். பத்து ரூபாயில் தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரியாமல் இருப்பானேன்?

தோழர்களே! ஒரு ஊழியர் தனியாகப் போய்க் கேட்டால், "உனக்குப் போன் பார்க்கத் தெரியவில்லை" என்பார்கள். மலையில் உள்ள அத்தனை மையத்து ஊழியர்களும் நோட்டும் கையுமாகப் போய்க் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. அவர்களுக்குப் பின்னால் பிள்ளையைப் பெற்ற தாய்மார்களும், தோட்டத் தொழிலாளர்களும், வரப்பில் நின்று படத்துக்கு முகம் காட்டும் விவசாயத் தொழிலாளர்களும், சேலத்து மில் தொழிலாளர்களும் நின்றால் எந்த இலாகாவும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

குடையும் கம்பளியும் யாரும் இரங்கிக் கொடுத்ததல்ல; நம் பாட்டன் பாட்டிமார் கேட்டு வாங்கியது. இதையும் கேட்டு வாங்குவோம். நோட்டு எழுத ஆரம்பியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். கணக்கைக் கூட்டி, மகஜர் எழுதி, எல்லோரும் சேர்ந்தே கொண்டுபோய்க் கொடுப்போம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!